நீரில் முதலில் நனைய வேண்டிய கை

என் தாய் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் எங்கள் வீட்டிற்கு அவரே மருத்துவர். கழுத்துப் பிடித்துக்கொண்டால் கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். மார்பில் சளி கட்டினால் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் அமர்த்தி வேது பிடிக்கச் செய்வார். காய்ச்சல் ஏறிய இரவுகளில் நெற்றியில் ஈரத்துணி இட்டு, அது காயக் காய மாற்றிக்கொண்டே விடியும்வரை விழித்திருப்பார். நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒரு தாயின் கையில் வளர்ந்தவர்களே.

அந்தத் தாய் செய்த ஒரு சிறு செயல் மட்டும் நெடுங்காலம் என் நினைவில் தங்காமல் போயிற்று. சூடான முடிச்சை எங்கள் கழுத்தில் வைக்குமுன், தம் முன்கையின் உட்புறத்தில் அதை வைப்பார். ஓர் இமைப்பொழுது பொறுத்திருப்பார். சூடு மிகுந்திருந்தால் முடிச்சை உதறுவார்; குறைந்திருந்தால் மீண்டும் வாணலியில் வைப்பார். பிறகுதான் எங்களுக்கு. உப்பையும் தழையையும் துணியையும் கண்ட எனக்கு, அந்த முன்கை மட்டும் கண்ணில் படவில்லை. அந்தப் பார்வைக் குறைவு இன்னொருவருடைய காலில் தழும்பாயிற்று. அதைத்தான் இங்கே எழுதத் துணிகிறேன்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், நூலகத்தின் கடைசி அடுக்கில் பழைய ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. செபஸ்தியான் கினைப் என்னும் ஜெர்மானியப் பங்குத் தந்தை 1886-இல் தம் தாய்மொழியில் எழுதி வெளியிட்ட ‘என் நீர் மருத்துவம்’ என்ற நூலின் மொழிபெயர்ப்பு அது. மறையுரைத் தொகுப்புகளுக்கு நடுவே ஒரு குருவானவர் எழுதிய வைத்திய நூல்! வேடிக்கையாகப் புரட்டத் தொடங்கியவன், அந்த மனிதரின் கதையில் கட்டுண்டு போனேன்.

கினைப் 1821-ஆம் ஆண்டு பவேரியாவில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். குருவாக வேண்டும் என்ற ஏக்கம் ஒருபுறம், தறிக்குழி மறுபுறம். படிப்பிற்கென அவர் காசு காசாகச் சேர்த்து வைத்திருந்த பணம், அவருடைய 21-ஆம் வயதில் வீடு தீப்பற்றியபோது அதனோடு எரிந்துபோயிற்று. உறவினரான ஒரு குருவானவர் இலத்தீன் கற்றுக்கொடுத்துக் கைதூக்கிவிட்டார். ஆனால், இறையியல் படிப்பை எட்டும் வேளையில் காசநோய் பற்றிக்கொண்டது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். அந்நிலையில், 18-ஆம் நூற்றாண்டின் சிலேசிய மருத்துவரான ஹான் என்பவர் தண்ணீரின் குணத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. 1849-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடுங்குளிரில், டில்லிங்கன் நகரருகே டானூபு நதியில் இறங்கி, சில நொடிகள் மூழ்கி எழுந்து, உடுத்திக்கொண்டு, உடல் சூடேறும்வரை விரைந்து நடந்து திரும்பினார். இதை வாரத்தில் சில நாள்கள் தொடர்ந்தார். உடல் தேறியது. 1852-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1855-இல் வோரிஸ்ஹோபன் என்ற சிற்றூருக்குத் தொமினிக்கன் கன்னியர் மடத்தின் ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். 1881-இல் அவ்வூரின் பங்குத் தந்தையானார். அனுமதியின்றி வைத்தியம் செய்கிறார் என்று அவர்மீது முறையீடுகள் எழுந்தன. ஆயினும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். திருத்தந்தை 13-ஆம் லியோ, நம் முன்னோர் வழக்கில் சொன்னால் 13-ஆம் சிங்கராயர், 1893-இல் அவருக்கு ‘மொன்சிஞ்ஞோர்’ பட்டம் அளித்தார். 1897-இல் அவர் இறந்தபோது அந்தச் சிற்றூர் உலகறிந்த மருத்துவ ஊராகிவிட்டிருந்தது. அவர் வகுத்த முறை 2015-இல் ஜெர்மனி நாட்டின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

தறிக்குழியிலிருந்து பலிபீடத்திற்கு வந்தவர். ஆன்மாவோடு உடலையும் பேணியவர். மருந்துக்குக் காசில்லாத ஏழைக்குக் கிணற்று நீரையே மருந்தாக்கியவர். இளம் குருமாணவனை மயக்க இதற்குமேல் என்ன வேண்டும்? குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடத்தல். கணுக்காலுக்கு மேல் நீர் நிற்கும் தொட்டியில் கொக்குப் போலக் காலைத் தூக்கித் தூக்கி மிதித்தல். பாதத்திலிருந்து முழங்கால்வரை மேல்நோக்கிக் குளிர்நீர் ஊற்றுதல். ஈரத்துணி சுற்றி அதன்மேல் கம்பளி போர்த்துதல். பாதங்களை முதலில் வெந்நீரிலும் பின் சிறிது நேரம் குளிர்நீரிலும் மாற்றி மாற்றி வைத்தல் என அம்முறைகள் விரிந்தன.

இவற்றின் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியதே. சூடு படும் இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குருதி பெருகி வருகிறது. இறுகிய தசை நெகிழ்கிறது. குளிர்ச்சி படும் இடத்தில் குழாய்கள் சுருங்குகின்றன; வீக்கம் தணிகிறது; வலியுணர்வு மரத்துப்போகிறது. ஆகவேதான் நாள்பட்ட பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் தருகிறது. அன்றைக்குப் பட்ட அடிக்கும் சுளுக்குக்கும் துணியில் சுற்றிய பனிக்கட்டி நலம் செய்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியும் என்ற எண்ணமே பின்னர் எனக்குக் கேடாயிற்று.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளில் முதல் பங்கை ஏற்றேன். சுற்றிலும் எட்டுக் கிளைக் கிராமங்கள் கொண்ட எளிய பங்கு. திருப்பலி முடிந்ததும் மக்கள் பங்கு இல்லத் திண்ணையில் கூடுவார்கள். கைகால் வலி, தலைபாரம், தூக்கமின்மை என்று ஏதேனும் சொல்வார்கள். நானும் குறிப்பேட்டைத் திறக்காமலே சொல்லும் அளவுக்குத் தேர்ந்திருந்தேன். சிலருக்கு நலம் கிடைத்தது. அவர்கள் பிறருக்குச் சொன்னார்கள். ‘நம்ம சாமி தண்ணி வைத்தியம் சொல்லுவாரு’ என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. அது எனக்குக் கசக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பங்கில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கியவர். நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக் கொடுத்த கால்கள் அவருடையவை. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டார்கள். கோவிலுக்கு அடுத்த தெருவில் தனியே சமைத்து உண்டு வாழ்ந்தார். ஒரு கார்த்திகை மாத மாலையில் வந்து, “காலு ரெண்டும் மதமதன்னு இருக்கு சாமி. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. ராத்திரியில எரியுது” என்றார்.

அப்போது ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகோலைக் கீழே வைக்காமலே சொன்னேன்: “வெந்நீரில் ஐந்து நிமிடம் காலை வையுங்கள் உபதேசியாரே. பிறகு கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீரில். இப்படி மூன்று முறை. இரத்த ஓட்டம் சரியாகிவிடும்.” அவர் தலையசைத்து, கைகூப்பிவிட்டுப் போனார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது எனக்குத் தெரியும். திருவிழா நாளில் எல்லாருக்கும் பாயாசம் வழங்கும்போது அவர் மட்டும் விலகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்த நோய் பல்லாண்டுகள் நீடிக்கும்போது கால் நரம்புகளைப் பழுதாக்கி, சூடும் குளிரும் வலியும் உணராதபடி செய்துவிடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. குருதி ஓட்டமும் குறைவதால் அத்தகைய காலில் பட்ட புண் எளிதில் ஆறாது என்பதும் தெரியாது. மதமதப்பு என்று அவர் சொன்ன சொல்லிலேயே எச்சரிக்கை இருந்தது. அதைக் கேட்கும் செவி எனக்கு இல்லை.

அன்றிரவு அவர் அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார். வாளியில் ஊற்றிக் காலை வைத்தால் சூடே தெரியவில்லை. ‘சாமி வெந்நி என்றல்லவா சொன்னார்’ என்று கொதிக்கக் கொதிக்க இன்னும் ஊற்றிக்கொண்டார். காலையில் வலது காலின் விரல்களும் மேற்புறமும் கொப்புளித்திருந்தன. அப்போதும் வலியில்லை. மருத்துவம் வேலை செய்கிறது என்றே நினைத்து மூன்று நாள்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். நான்காம் நாள் காலைத் திருப்பலிக்கு அவர் வரவில்லை. வீட்டிற்குப் போன கோவில்பிள்ளை ஓடிவந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் சிறு மருந்தகத்தை நடத்திய அருள்சகோதரி புண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வண்டி பேசச் சொன்னார். நகரத்து மருத்துவமனையில் அவர் பல வாரங்கள் கிடந்தார். காலைக் காப்பாற்ற இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அருள்சகோதரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்தத் தண்ணீரில் முதலில் கை வைத்துப் பார்த்தது யார், ஃபாதர்?”

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. செவிலியர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அது. எனக்கோ, வண்டியின் இருட்டில் என் தாயின் முன்கை தெரிந்தது. கினைப்பின் நூலில் நான் அடிக்கோடிட்ட பக்கங்கள் எத்தனையோ. என் தாய் வாழ்நாளெல்லாம் செய்து காட்டிய அந்த ஒன்றை மட்டும் நான் கற்கவே இல்லை.

மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். “வெந்நி வச்சது நான்தானே சாமி. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்; இந்தச் சொல் மிகவும் கனத்தது. வீடு திரும்பிய பின்பும் புண் முற்றும் ஆறியிருக்கவில்லை. அருள்சகோதரியிடம் கட்டுப்போடக் கற்றுக்கொண்டு, மாலைதோறும் செபமாலை முடிந்தபின் அவர் வீட்டிற்குச் சென்றேன். கையைச் சோப்பிட்டுக் கழுவி, அவர் கொடுத்தனுப்பும் உப்புநீரால் புண்ணைத் துடைத்து, மருந்திட்டுத் துணி சுற்றுவேன். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் தம் பழைய நடைப்பயணங்களைப் பற்றிப் பேசுவார். ஒருநாள், ஏதோ பேச்சின் நடுவே, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அன்னைக்கு நீங்க ஒரு எட்டு வந்திருந்தா போதும் சாமி” என்றார். சொன்னபின் தாமே திடுக்கிட்டவர் போல வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். மன்னித்தவரே சொன்ன அந்த உண்மையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதன்பின் கினைப்பை மீண்டும் படித்தேன். முதல் வாசிப்பில் நான் கடந்துபோன செய்திகள் இப்போது கண்ணில் பட்டன. பிறருக்குச் சொன்னவற்றை அவர் முதலில் தம் உடலில் ஏற்றுப் பார்த்திருக்கிறார். தொடக்கத்தில் கடுமையாக இருந்த தம் முறையை, நோயாளிகளை நேரில் கண்டு கண்டு, மேலும் மேலும் மென்மையாக்கியிருக்கிறார். குளிர்ந்திருக்கும் உடலில் குளிர்நீர் ஊற்றலாகாது. முதலில் நடந்தேனும் சூடேற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நோயாளி எந்நிலையில் இருக்கிறார் என்று பார்த்தபின்தான் தண்ணீர். நூலை நான் கற்றிருந்தேன். ஆளைப் பார்க்கும் பழக்கத்தை அதிலிருந்து கற்கவில்லை.

விவிலியத்தில் நாமானின் வரலாற்றை நாம் அறிவோம். தொழுநோயாளியான அந்தப் படைத்தலைவன் தேரோடு வந்து வாசலில் நிற்க, எலிசா வெளியே வராமல் ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுமுறை மூழ்கச் சொன்னார். நானும் அன்று எழுந்திருக்காமலே மருந்து சொல்லி அனுப்பினேன். ஆனால், எலிசாவிடம் இறைவாக்கு இருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரு குறிப்பேடு.

என் தவற்றுக்கு இன்னும் பொருந்துவது யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம். 38 ஆண்டுகளாக நோயுற்று, பெத்சதா குளத்தருகே படுத்துக்கிடந்த மனிதர் தண்ணீர் இல்லை என்று முறையிடவில்லை. குளத்தில் தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்றுதான் முறையிட்டார். குணமளிக்கும் நீர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, கைதான் இல்லை. நம் வீடுகளிலும் அப்படியே. தண்ணீருக்கும் அடுப்புக்கும் பஞ்சமில்லை. ‘ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள், ஆவி பிடியுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்லும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. அந்த நீரில் கைவைத்துப் பார்ப்பவர்தான் அரிதாகிவிட்டார்.

இதைப் படிக்கும் வாசகர்களுக்குச் சில சொற்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், பக்கவாதத்தால் உணர்விழந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் வெந்நீரிலோ வெந்நீர்ப் பையிலோ காலை வைக்கலாகாது. எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. மற்ற முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையாலோ முன்கையின் உட்புறத்தாலோ சோதித்தே கொடுக்க வேண்டும். 60 டிகிரி சூடுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். பனிக்கட்டியையும் நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, 20 நிமிடத்திற்கு மேற்படாமல் வைப்பதே முறை. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை அமர்த்தி ஆவி பிடிக்க வைப்பது, பாத்திரம் கவிழ்ந்தால் பெருங்கேடாகும். தீப்புண் பட்டுவிட்டால், மையும் பற்பசையும் தேடி ஓடாமல், உடனே 20 நிமிடம் குழாய் நீரில் காட்ட வேண்டும். இவை சிறு செய்திகள்தாம். ஆனால், இவற்றை அறியாத ஒருவன் கொடுத்த விலையை இன்னொருவர் தம் காலால் செலுத்தினார்.

உடலுக்கு மட்டுமா இந்த விதி? சுடுசொல் என்றும், உள்ளம் குளிர்ந்தது என்றும் நம் மொழியே சொல்கிறது. ஏற்கெனவே விறைத்துப்போய் வாசலில் நிற்கும் மனிதர்மேல் நியாயம் என்னும் குளிர்நீரைக் கொட்டியிருக்கிறேன். மரத்துப்போனவரை உணர்த்துவதாக எண்ணிக் கொதிக்கும் கண்டனத்தை ஊற்றியிருக்கிறேன். அவர்கள் காயம்பட்டது அப்போது வெளியே தெரியவில்லை. சில காயங்கள் நான்காம் நாளில்தான் தெரிகின்றன. சிலரோ அதற்குள் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அறிவுரை சொல்லத் திறக்கும் வாய்க்கு முன்பாக, அந்த மனிதரின் நிலையை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் கை நீள வேண்டும். இதை நான் இறையியல் வகுப்பில் கற்றிருக்கலாம். கற்றது அந்தக் கட்டுத்துணியில்தான்.

அடுத்த பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்கிற்குப் பன்னிருவரில் ஒருவராக உபதேசியாரை அழைத்தேன். “வேண்டாம் சாமி, அந்தக் காலை எல்லாரும் பார்க்கணுமா?” என்று தயங்கினார். வற்புறுத்தவில்லை. ஆனால், மாலையில் வெள்ளை வேட்டி உடுத்தி, வரிசையின் கடைசியில் வந்து அமர்ந்திருந்தார். எல்லாரும் வலது காலை நீட்டினார்கள். அவர் முன் நான் மண்டியிட்டபோது அவர் இடது காலை நீட்டினார். காட்டாத காலைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. அவர் கொடுத்த காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டேன்.

இயேசு அன்றிரவு தாமே எழுந்து, தாமே குவளையில் தண்ணீர் ஊற்றியதாக நற்செய்தி சொல்கிறது. பன்னிரண்டு பேரின் பாதங்கள் படுமுன் அந்த நீர் தொட்டது அவருடைய கைகளைத்தான். இந்தச் சிறு செய்தியை முன்பு எத்தனை முறை வாசித்தும் நான் கவனித்ததில்லை.

உபதேசியார் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பங்குகள் மாறின, கோவில்பிள்ளைகளும் மாறினார்கள். ஒவ்வொரு பெரிய வியாழனும், பவனி புறப்படுமுன் திருப்பொருள் அறையில் நிற்கும் குவளையில் என் முன்கையை வைத்துப் பார்க்கிறேன். குழாய்த் தண்ணீர்தான், சுடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. காரணம் அறியாத கோவில்பிள்ளை, “தண்ணி சரியா இருக்கா சாமி?” என்று கேட்பார்.

“சரியாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறேன்.